வலம் என்று எழுதியிருந்த பக்கம்

முட்டம் துறைமுகத்தில் அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து நாலு பேர் ஒரு பொட்டுச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளீட்டஸின் விசைப்படகில், சுக்கான் பிடிக்கும் அறைக்குள், டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அதன் நெற்றியில் இருந்தது அந்த விளக்கு. அது பச்சையானால் படகுக்கும் வானத்துச் செயற்கைக்கோளுக்கும் பேச்சு கூடிவிட்டது என்று அர்த்தம். அதுவோ மாறுவேனா என்று அடம்பிடித்தது.

கிளீட்டஸ் கடியப்பட்டணத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. பக்கத்தில் மடிக்கணினியை மீன்பெட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ரெஜிலா. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், முன்பு மரச்சீனிக் கிழங்கு அடுக்கி வைத்திருந்த கட்டடத்தில், ஆன்டெனாவுக்கு உறுப்புகள் செய்யும் பட்டறை நடத்துகிறாள். இஸ்திரி கலையாத சட்டையில் மீன்வாடை ஒட்டிவிடாமல் தள்ளி நின்றவர் சிவபிரசாத். இந்தக் கருவியைப் படகுகளில் மாட்டும் பெங்களூர் கம்பெனியின் அதிகாரி. நாலாவது ஆள் செல்லத்தாய். அவள் ஸ்க்ரூ இறுக்க வந்தவள். இறுக்கி முடித்தாயிற்று, இப்போது சும்மா நின்றாள்.

ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் ஏற்றியாயிற்று. மதியம் இரண்டு மணிக்குப் படகு கிளம்பியாக வேண்டும். பன்னிரண்டு நாள் கடல். கரையிலிருந்து பதினைந்து மைல் தாண்டினால் கைப்பேசி செத்துவிடும். அதற்கு அப்பால் காற்று கிளம்பினாலும் புயல் கிளம்பினாலும் படகில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். முதல் படகு இது. பேசினால் மிச்ச நாலு படகுக்கும் கருங்கல் பட்டறையிலிருந்தே உறுப்பு போகும். பேசாவிட்டால் கம்பெனி வேறு ஊரில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

பூட்டினால் ரெஜிலாவுக்குப் பெங்களூரில் ஒரு வேலை கிடைக்கும். செல்லத்தாய்க்கு அண்டி ஆபீஸ்தான். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. ஆபீஸ் என்ற பேரைக் கேட்டு ஃபேனும் நாற்காலியும் இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு வருஷம் அங்கே குத்தவைத்து அண்டி தல்லி உடைத்தவள் செல்லத்தாய். தோட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்டுக் கை கரிக்கட்டையாக இருக்கும். சோறு பிசைந்தால் சோறு கசக்கும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் சேலை முந்திக்குள் கையை ஒளித்துக்கொண்டு, பந்தியில் உட்காராமலே திரும்பி வருவாள்.

ரெஜிலா ஆள் எடுத்தபோது ஒரு பரீட்சை வைத்தாள். எள்ளளவு ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்துத் துளையில் நிறுத்த வேண்டும். டிப்ளமா படித்துவிட்டு வந்த பையன்களுக்குக் கை நடுங்கியது. பருப்பு உடையாமல் தோட்டை மட்டும் உடைத்துப் பழகிய செல்லத்தாய் நாற்பதை ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு, "இன்னும் உண்டா?" என்று கேட்டாள். அதோடு வேலை அவளுக்கு. இந்த மூன்று வருஷத்தில் கை வெளுத்துவிட்டது, குணமும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அவள் கணவன் நாராயணபெருமாள் சந்தையில் வாழைக்குலை விற்கிறவன். பெண்டாட்டி ராக்கெட்டுக்கு வேலை செய்கிறாள் என்று குலை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் அளந்துகொண்டிருந்தான். ராக்கெட் இல்லை என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறவில்லை.

அவள் பூட்டுவது கையளவு அலுமினியத் துண்டு. காகிதத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பேர் உண்டு. செல்லத்தாய் வைத்த பேர் தொண்டை. டிஷ்ஷின் நடுவே நிற்கும். போகிற அலையும் வருகிற அலையும் இந்த ஒரே தொண்டை வழியாகத்தான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க, போகிற அலை வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும், வருகிற அலை இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டு வரும். உள்ளே படிப்படியாக வெட்டிய ஒரு தகடு நின்று இரண்டையும் பிரித்து, வலத்தை ஒரு வாசலுக்கும் இடத்தை இன்னொரு வாசலுக்கும் அனுப்பும். வாசல் மாறிப்போனால் ஒன்றும் கேட்காது. இடப்பிரி மரையில் வலப்பிரி ஸ்க்ரூ ஏறுமா? அதுமாதிரி.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிப் புரியவைத்தது ரெஜிலாதான். அப்படிச் சொல்லும்போதுதான் ஒருநாள், "அக்கா, நீங்க தாங்கல்ல கண்ணாடி முன்ன நின்னு கும்புடுவீங்கல்லா? நீங்க வலது கையத் தூக்குனா உள்ள நிக்கிற ஆளு எந்தக் கையத் தூக்குவா?" என்று கேட்டாள்.

செல்லத்தாய் அய்யாவழி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் நிழல் தாங்கலுக்குப் போகிறவள். அங்கே கும்பிடுவதற்குச் சிலை கிடையாது, கண்ணாடிதான். நெற்றியில் நாமத்தோடு தன்னையே பார்த்து நிற்க வேண்டும். வருஷக்கணக்காகப் பார்த்த காட்சியை அன்றைக்குத்தான் அவள் யோசித்துப் பார்த்தாள்.

"அவ இடது கையத் தூக்குவா."

"அதாக்கும் காரியம். டிஷ்ஷும் ஒரு கண்ணாடிதான். வலமாச் சுத்துகது அதுல பட்டா இடமாத் திரும்பும்."

சர்ச்சுக்குப் போகிற பெண், தன் தாங்கல் கண்ணாடியை வைத்துப் பாடம் சொன்னது செல்லத்தாய்க்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று வீட்டில் அதையே பேசி நாராயணபெருமாளின் தூக்கத்தைக் கெடுத்தாள்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம்.

பதினொன்றரை ஆயிற்று. ரெஜிலா கேபிளை மாற்றிப் பார்த்தாள். சுக்கான் அறைக் கூரை மேல் இருந்த டிஷ் சரியான திசை பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்தாள். உப்புக்காற்றில் இணைப்பு ஏதும் கெட்டதா என்று துடைத்துப் பார்த்தாள். விளக்கு சிவப்பிலேயே நின்றது.

"ஏலே, இது பேசுமா பேசாதா? ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு ஆளுக காத்து நிக்குகானுவ" என்றார் கிளீட்டஸ். அவருக்குக் கோபமில்லை, வெப்ராளம்தான், பதைப்பு. ஆனால் வெப்ராளத்தில் வரும் குரலுக்கும் கோபத்தில் வரும் குரலுக்கும் அவரிடம் பெரிய வித்தியாசம் கிடையாது.

"பேசும் அண்ணா. கொஞ்சம் பொறுங்க" என்றாள் ரெஜிலா. அவள் முகம் வாடியிருந்தது.

சிவபிரசாத் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், பட்டறையில டெஸ்ட் பண்ணினீங்க இல்ல?"

"பண்ணினேன் சார். எதிர்ல கொம்பு ஆன்டெனாவ வெச்சுச் சுத்திப் பாத்தேன். அலை நல்ல வட்டமா வருது. ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஒழுக்கே இல்ல."

"வட்டமா வருதுன்னு தெரியும். எந்தப் பக்கம் சுத்துதுன்னு?"

"அதுக்கு வேற கொம்பு வேணும். ஆர்டர் போட்டது இன்னும் வரல்ல. ஆனா அது கணக்குலயே சரியாத்தான் இருக்கு."

"டிஷ்ல பட்டுத் திரும்புமே, அதைச் சேர்த்தீங்களா? நிறையப் பேர் அதை மறந்துடுவாங்க."

"சேத்துத்தான் வரைஞ்சிருக்கேன் சார். படத்துல வலம்னு போட்டிருக்கறது டிஷ்ல பட்டுத் திரும்பி வெளிய போறதுக்கு அப்புறம் உள்ள வலம். படத்துலயே திருப்பியாச்சு."

சுக்கான் அறை வாசலில் நின்ற செல்லத்தாய், படத்திலேயே திருப்பியாயிற்றா என்று கூரை மேல் இருந்த டிஷ்ஷை அண்ணாந்து பார்த்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. ரெஜிலா திருவனந்தபுரம் போயிருந்தாள். தொண்டையைப் பூட்ட வேண்டிய நாள். படத்தில், அனுப்பும் பெட்டி இருக்கும் பக்கம் அம்புக்குறி போட்டு 'வலம்' என்று எழுதியிருந்தது. தொண்டையிலும் ஒரு பக்கம் 'வ' என்று மார்க்கரில் குறி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து நாலு ஸ்க்ரூவை முடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. செல்லத்தாய் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டு நின்றாள். இது டிஷ்ஷில் பட்டால் திரும்புமே? வலம் என்று வைத்தால் வெளியே இடமாகத்தானே போகும்? ஐயோ, நம்ம பிள்ளை கண்ணாடியை மறந்துவிட்டதே!

இரண்டு தடவை போன் அடித்தாள். ரெஜிலா எடுக்கவில்லை. செல்லத்தாய் தானே முடிவு செய்து தொண்டையை அரைச்சுற்றுத் திருப்பி, 'வ' என்ற குறி வாங்கும் பெட்டிப் பக்கம் வரும்படி வைத்து முடுக்கினாள். பிறகு வழக்கம்போலத் தின்னர் தொட்டுக் குறியை அழித்து, வெள்ளை பெயின்ட் அடித்தாள். மதியம் சோறு தின்னும்போது அவளுக்கு அவ்வளவு நிறைவு. படித்த பிள்ளைக்கு ஒரு தப்பு வராமல் காத்தாயிற்று என்று. சாயங்காலம் சொல்லியிருக்கலாம், சொன்னால் பிள்ளைக்குக் குறைச்சலாகப் போகுமே என்று சொல்லவில்லை. அதுவும் பாதிதான் உண்மை. அந்த உதவியை யாருக்கும் காட்டாமல் மனசுக்குள் வைத்திருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. அடுத்த நாலு தொண்டையையும் அப்படியே திருப்பித்தான் பூட்டி வைத்திருந்தாள்.

ரெஜிலா படத்தில் ஒருமுறை திருப்பினாள், செல்லத்தாய் கையால் ஒருமுறை திருப்பினாள். இரண்டு முறை திருப்பினால் பழைய இடம்தானே.

"நான் ரிப்போர்ட் எழுதிடறேன்" என்றார் சிவபிரசாத். "இறக்கிடலாம். படகு கிளம்பட்டும்."

செல்லத்தாய்க்கு அந்த நேரத்தில் ஒரு குறுக்குப் புத்தி வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈரம் ஏறியிருக்குமோ என்று பார்ப்பதுபோல மூடியைத் திறந்து, ஓசைப்படாமல் தொண்டையைத் திருப்பி வைத்துவிட்டால்? விளக்கு பச்சையாகும். எல்லாருக்கும் சந்தோஷம். மிச்ச நாலையும் யாருமில்லாத நேரம் பார்த்துத் திருப்பிவிடலாம்.

"மேடம், மூடியத் தொறந்து ஒருக்கா பாக்கட்டா? உள்ள ஈரம் இருக்கோ என்னவோ" என்றாள். பிறத்தியார் முன்னால் மட்டும்தான் ரெஜிலா அவளுக்கு மேடம்.

சிவபிரசாத் திரும்பினார். "சீல் வெச்சத காரணம் இல்லாம உடைக்கக் கூடாதும்மா. என்ன காரணம்னு எழுதணும். ஈரமோ என்னவோன்னு எழுத முடியாது."

செல்லத்தாய் ரெஜிலாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தன் கணக்கையே மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தப்பு, எங்கே தப்பு என்று அவள் உதடு அசைந்தது. இல்லாத தப்பைத் தன் கணக்குக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. அண்டி ஆபீஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இதை இனி ஒரு நிமிஷம் உள்ளே வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"கணக்கப் பாக்காண்டாம் மக்கா" என்றாள். மேடம் எங்கேயோ போய்விட்டது. "கணக்கு செரிதான். நானாக்கும் திருப்பி வச்சது."

"என்னத்த?"

"தொண்டைய. நீ கண்ணாடிய மறந்துட்டன்னு நெனச்சேன். போன் அடிச்சேன், நீ எடுக்கல்ல. டிஷ்ஷுல பட்டா இடமாப் போவுமேன்னு, வலத்த எடுத்து அந்தப் பக்கமா வச்சு முடுக்கிட்டேன். மத்த நாலும் அப்பிடித்தான் இருக்கு. நீ முன்னாடியே திருப்பினது எனக்கு அறியாது. அய்யா சத்தியமா அறியாது."

கிளீட்டஸுக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப திருப்பி வச்சா பேசுமா?"

சிவபிரசாத் அவரைக் கவனிக்கவில்லை. "என்ன மேடம் இது? இதுக்குத்தான் சொன்னேன், படிச்ச ஆளுங்களை வைங்கன்னு. ஹெல்ப்பர் அவங்க பாட்டுக்கு யோசிச்சா..."

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அண்டி எண்ணெய் மணம் மூக்கில் வந்துவிட்டது போலவே இருந்தது.

ரெஜிலா எழுந்து நின்றாள். அவள் அழப்போகிறாள் என்று செல்லத்தாய் நினைத்தாள். அவள் சிரித்தாள்.

"சார், ஒரு நிமிஷம் முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க? டிஷ்ல திரும்பறத நிறையப் பேர் மறந்துடுவாங்கன்னு. அக்கா மறக்கல்ல. வலம்னு மட்டும் எழுதிட்டு, டிஷ்ஷுக்கு முன்னயா பின்னயான்னு எழுதாம விட்டது நான். தப்பு படத்துல இருக்கு."

"தப்பு யாரோடதுன்னு பிறகு பாக்கலாம். காரணம் கிடைச்சுது இல்ல? சீலை உடைங்க." சிவபிரசாத் சொன்ன தோரணை கடுமைதான், ஆனால் அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஏணியைப் பிடிக்க வந்துவிட்டார். மீன்வாடை ஒட்டினால் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

செல்லத்தாய் ஏணியில் ஏறினாள். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டறை மேசை ஆடாது, படகு ஆடியது. குடை மாதிரியான மூடியை ரெஜிலாவும் கிளீட்டஸும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நாலு ஸ்க்ரூ. ஒன்று கை தவறி விழுந்தாலும் கடலில்தான் தேட வேண்டும். படகு எழும்பும்போது கையை நிறுத்தினாள், தணியும்போது முடுக்கினாள். மூன்றாவது ஸ்க்ரூவுக்குள் அந்த ஆட்டம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தொண்டையை அரைச்சுற்றுத் திருப்பி, உட்கார்த்தி, நாலையும் மறுபடி ஏற்றினாள். திருப்புளி 'டிக்' என்று அளவு சொன்னதும் கையை எடுத்தாள். மொத்தம் இருபது நிமிஷம்.

அவள் இறங்குவதற்குள் கீழேயிருந்து ஒரு கூப்பாடு. கிளீட்டஸின் ஆட்கள்தான். வலையை மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுக்கான் அறை வாசலில் அடைத்து நின்று, பச்சை, பச்சை என்று கத்தினார்கள். ரெஜிலா செல்லத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் அழுதாள்.

"ஏட்டி, கொள்ளாம், செரியாச்சுல்லா, பின்ன என்ன கரச்சல்" என்று அவளை அதட்டிவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்தாள் செல்லத்தாய்.

படகு கிளம்பிய பிறகு ஐஸ் ஆலை நிழலில் உட்கார்ந்து சிவபிரசாத் ரிப்போர்ட் எழுதினார். காரணம் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். "பிழை செய்தவர்னு ஒரு பேர் போடணும்."

"என் பேரப் போடுங்க" என்றாள் ரெஜிலா.

"அவ பேரு எதுக்கு?" செல்லத்தாய் குறுக்கே வந்தாள். ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லாததால் அவளுக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. "செல்லத்தாய்னு போடுங்க சார். அடுத்தாப்ல கண்டுபிடிச்சவங்கன்னு ஒரு எடம் இருக்குல்லா, அதுலயும் செல்லத்தாய்னு போடுங்க. ரெண்டும் நானாக்கும்."

சிவபிரசாத் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு இடத்திலும் எழுதினார். எழுதிவிட்டு, மிச்ச நாலு தொண்டைக்கும் கடைசிச் சோதனை செய்து கையெழுத்துப் போடுகிற ஆள் இவராகவே இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அதைத் தமிழில் வாசித்தும் காட்டினார். முன்பு சொன்ன சொல்லுக்கு அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. செல்லத்தாயும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் கருங்கல் பட்டறையில் அவள் இரண்டாவது தொண்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் பச்சை எரிந்தது சரி, நடுக்கடலில் எரிகிறதா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ரெஜிலா கணினி முன்னாலிருந்து, "அக்கா, ஓடி வாங்க. உங்களுக்காக்கும்" என்று கூப்பிட்டாள்.

திரையில் எழுத்து வந்திருந்தது. 'செல்லத்தாயக்கா, கிளீட்டஸ். நூறு மைல் வந்தாச்சு. சுத்தி வெள்ளம்தான். கேக்குதா?'

"நீங்களே அடிங்க" என்று ரெஜிலா எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். செல்லத்தாய் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். 'கேக்குது. என்ன வேணும்?'

பதில் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் மறுபடியும் எங்கே கெட்டதோ என்று அவளுக்கு உயிர் போய் வந்தது.

'ஒண்ணும் வேண்டாம். ஓகி புயல் அடிச்சப்ப எனக்க தம்பி ஆன்ட்ரூஸ் இங்கதான் நின்னான். அவன் கூப்பிட்டிருப்பான். யாருக்கும் கேட்டிருக்காது. அதான் ஒரு வாட்டி கூப்பிட்டுப் பாத்தேன்.'

ரெஜிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்லத்தாய் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து நெருங்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

'இங்க ஆளு உண்டு. நீரு பறயும், கேட்டுட்டே இருக்கோம்.'